இல்லை என்றால் மறை

காலியாக இருக்க வேண்டிய கட்டம் காலியாக இல்லை.

பிற்பகல் நான்கு மணி. குளிர்சாதனம் ஈரத்துணி வாடையோடு முனகிக்கொண்டிருந்தது. தனியே வாழும் முதியவர்கள் தினமும் டேப்லெட்டில் நிரப்பும் நலப் படிவத்தின் பதில்களை அவள் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். படிவத்தை உருவாக்கியவளும் அவள்தான். ‘உங்களுடன் யாராவது இருக்கிறார்களா?’ என்பது முதல் கேள்வி. ‘ஆம்’ என்றால் மட்டும் ‘அவர் யார்? என்ன செய்கிறார்?’ என்ற கேள்வி திறக்கும். ‘இல்லை’ என்றால் மறைந்துவிடும். ஆளில்லாத வீட்டில் இருப்பவரிடம் அதைக் காட்டி ஏன் நோகடிக்க வேண்டும் என்று, யாரும் சொல்லாமலே அவள் சேர்த்த விதி அது. சின்ன இரக்கம்தான். கடவுளுக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

ஊரில் தனியே இருக்கும் அவள் சித்தியின் வரிசையில், நேற்றைய முதல் பதில் ‘இல்லை’. அடுத்த கட்டத்தில் எழுதியிருந்தது: ‘ஒரு கிழவி. தூங்குகிறாள்.’

“விதி வேலை செய்யலை போலிருக்கே,” என்று மென்பொருளைச் சோதிக்கும் பக்கத்து இருக்கைக்காரனிடம் காட்டினாள்.

அவன் எட்டிப் பார்த்தான். “விதி நல்லாத்தான் இருக்கு தாயே. முதல்ல ‘ஆம்’னு தட்டி, கீழ எழுதிட்டு, அப்புறம் ‘இல்லை’னு மாத்தியிருக்காங்க. நீ மறைக்கத்தானே சொன்ன, அழிக்கச் சொல்லலையே? திரையை இழுத்து விட்டா பின்னாடி நிக்கிறவன் காணாமப் போயிடுவானா?” சிரித்துக்கொண்டே பையை மாட்டிக் கிளம்பிவிட்டான்.

அவள் முந்தைய நாட்களைத் திறந்தாள். ஒன்பது நாட்களும் ‘இல்லை’. ஒன்பதின் பின்னாலும் எழுத்து.

‘முழங்காலுக்குத் தைலம் தடவுகிறாள்.’

‘சாமி படத்துக்கு முன் உட்கார்ந்திருக்கிறாள். அழுகிறாள்.’

‘சீப்பைத் தேடுகிறாள். என்னிடம் இருக்கிறது.’

தாயில்லாத அவளை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் சித்தி. இப்போது ஆறு மணி நேரப் பயணத் தொலைவில், ஒற்றை ஆளாக. அழைத்தாள். ஐந்தாவது முறை மணி ஒலித்தபோது எடுத்தாள் சித்தி.

“என்னடி கண்ணு, வேலை நேரத்துல? மேனேஜர் லீவா?”

“சித்தி, வீட்ல யாரு இருக்கா?”

“யாரு இருப்பா? நானும் என் முழங்கால் வலியும்தான்.”

“அந்தப் படிவத்தை நீங்கதானே நிரப்புறீங்க?”

“பின்னே? ஆனா உன் படிவம் சரியான அசடு. நான் திறக்கும்போதே ‘ஆம்’னு விழுந்திருக்கு, கீழ ஏதோ பொடி எழுத்து வேற, என் கண்ணுக்குத் தெரியலை. தினம் நான்தான் ‘இல்லை’னு மாத்தி அனுப்புறேன். சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு விட்டுட்டேன்.”

“டேப்லெட் எங்க இருக்கு?”

“உள் ரூம்ல, கட்டில் மேல. நான் கூடத்துல இருக்கேன்.”

திரையில் சித்தியின் வரிசை அசைந்தது. இன்றைய தேதி. முதல் கேள்விக்கு ‘ஆம்’. கீழே எழுத்துகள், ஒவ்வொன்றாக.

‘போனில் பேசுகிறாள்.’

“சித்தி, வெளிய போங்க. இப்பவே.”

“பாத்திரத்தைக் கழுவிட்டு...”

“என் மேல சத்தியம். போங்க!”

நாற்காலி உராயும் ஓசை. பாதங்கள் இழுபடும் ஓசை.

‘எழுந்துவிட்டாள்.’

‘கதவுக்கு வருகிறாள்.’

வருகிறாள். போகிறாள் என்று இல்லை. எழுதுவது கதவருகேதான் நிற்கிறது.

“நில்லுங்க சித்தி! கதவுப் பக்கம் போகாதீங்க!”

பாதங்களின் ஓசை நிற்கவில்லை. பக்கத்து வீட்டை அழைக்கலாம். அதற்கு இந்த அழைப்பைத் துண்டிக்க வேண்டும். முடியவில்லை. கடவுளே. கடவுளே.

பிறகு சித்தியின் குரல். கோபமில்லை, பயமில்லை. சிறு வயதில் பள்ளிவிட்டு மழையில் நனைந்து வந்த அவளிடம் பேசிய அதே குரல்.

“யாரும்மா நீ? எவ்வளவு நேரமா நிக்கிற? பாவமே... கை இப்படிச் சில்லுனு இருக்கு. வா, உக்காரு.”

“தொடாதீங்க சித்தி!”

ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

திரையில் ‘ஆம்’ அணைந்தது. ‘இல்லை’ மெல்ல ஒளிர்ந்தது. ‘அவர் யார்?’ என்ற கேள்வி, அவள் எழுதிய விதிப்படியே, சத்தமில்லாமல் மடங்கி மறைந்தது.

அழைப்பு துண்டிக்கப்படவில்லை. வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுமுனையில், மிக அருகில், யாரோ தலை சீவும் ஓசை.