சிங்கம் இருக்கிறது, எலி எங்கே?

"அப்பா, எலி எங்கப்பா?"

படத்துக்குச் சட்டம் போடும் கடை அது. நீண்ட மேசைமேல் ஒரு பழைய படம் கிடந்தது. அப்பா அதை அளந்துகொண்டிருந்தார். பொடிசு ஸ்டூலில் முழங்காலிட்டு, மூக்கு படாத குறையாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோ ஒருவர் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, கீறல்களில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுத்த படம். வலையில் சிக்கிய சிங்கம். பிடரியில் ஒவ்வொரு மயிருக்கும் ஒரு கோடு. கோட்டின்மேல் கோடாகப் போட்டே மரத்தடி இருட்டைக் கொண்டுவந்திருந்தார் அந்த மனிதர்.

"எப்பா! இவருக்குக் கை வலிக்காதா?"

"வலிச்சிருக்கும். ஆனாலும் விடலை பாரு."

எல்லாம் சரி. கதையில் வலையைக் கடித்துச் சிங்கத்தைக் காப்பாற்றுமே, அந்த எலியைத்தான் காணோம்.

படத்தைக் கொண்டுவந்த தையல்கார அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நானும் அதைத்தான் கண்ணு கேட்டுக்கிட்டே இருந்தேன். 'எலி இருக்கு, நீயே தேடு'ம்பார் உங்க மாமா. கெஞ்சினாலும் காட்ட மாட்டார். போன வருஷம் அவரும் போயிட்டார். இனிமே யாரைக் கேக்கறது? சும்மா விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ."

சொல்லிவிட்டுத் தெருவைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கீழ் ஓரத்துல கறை படிஞ்சிருக்கும்மா. சுத்தி அட்டை வச்சா மறைஞ்சிடும்" என்றார் அப்பா.

"உங்க இஷ்டம் அண்ணே."

பொடிசுக்கு மனசு கேட்கவில்லை. கறைக்குள் யார் தேடியிருப்பார்கள்? அப்பாவின் பூதக்கண்ணாடியை எடுத்து அங்கே வைத்தாள்.

வேரின் நிழலில், ஏழெட்டுக் கோடுகளில் ஒரு முதுகு. கயிற்றைக் கவ்விய வாய். கண்ணுக்கு மட்டும் ஒரு புள்ளியைக் கீறாமல் வெள்ளையாகவே விட்டிருந்தார்.

"அத்..." என்று வாயைத் திறந்தவள், சட்டென்று மூடிக்கொண்டாள். அத்தையையே அல்லவா தேடச் சொன்னார் மாமா!

அப்பாவின் காதில் கிசுகிசுத்தாள். அப்பா குனிந்து பார்த்தார்.

"அடடா! எலியையே மூடப் பார்த்தேனே!"

"ஸ்ஸ்... மெதுவா!"

வெட்டி வைத்த அட்டையை ஓரம் தள்ளிவிட்டு, வேறொன்றை அகலமான திறப்போடு வெட்டினார் அப்பா.

அத்தை எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணே, கறை அப்படியே தெரியுதே?"

"தெரியட்டும் அத்தை" என்று முந்திக்கொண்டாள் பொடிசு. "இந்தாங்க பூதக்கண்ணாடி. இன்னும் ஒரே ஒரு தடவை தேடுங்களேன்."

கண்ணாடி பிடரியில் ஊர்ந்தது, மரத்தில் ஏறியது, இறங்கியது. பொடிசு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தன் நகங்களை ஆராய்ந்தார்.

கண்ணாடி கறைக்கு வந்தது. நின்றது. வெகுநேரம் அசையவே இல்லை.

"அட, என் மனுஷா!" அத்தையின் தோள்கள் குலுங்கின. "இங்க இருக்கறதையா எங்கிட்ட மறைச்சு வச்சிருந்தீங்க? நான் அழுக்குன்னு நெனைச்சு விட்டுட்டேனே!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், மறுபடி சிரித்தார்.

மாலையில் அப்பா சுத்தியலோடு அத்தை வீட்டுக்குப் போனார். பொடிசு ஆணியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கீழே அண்ணே. தையல் மெஷின்ல உக்காந்தா எலி என் கண்ணுக்கு நேரா இருக்கணும்."

"அப்போ சிங்கம்?" என்று கேட்டாள் பொடிசு.

"அது பாட்டுக்கு மேலே இருக்கட்டுமே!"