சூடு பிடித்த சுவர்

படுக்கையறைச் சுவரில் ஓரிடம் மட்டும் சூடாக இருந்தது.

தூசி துடைத்துக்கொண்டிருந்த ஸ்டானா சட்டென்று கையை எடுத்தாள். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஓபல் ரத்தினக்கல் தோண்டும் ஊரான கூபர் பீடியில், பூமிக்கடியில் குடைந்த வீடுகளின் சுவர் சுடுவதில்லை. மேலே வெயிலில் தகரம் நெளிந்தாலும் உள்ளே பாறை வருஷம் முழுக்க ஒரே குளிர்ச்சிதான். முப்பது வருஷமாக அந்தக் குளிர்ச்சிக்குள்தான் அவள் சமைத்தாள், தூங்கினாள், கணவன் ராதேயோடு படுத்தாள். இந்த இடமோ, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, காய்ச்சல் கண்ட நெற்றிபோல் இருந்தது.

போன குளிர்காலத்தில் அவள் அடிலெய்டில் மாமியாரைக் கவனித்துக்கொண்டிருந்த மூன்று மாதத்தில் ராதே இந்த அறையைக் குடைந்தான். “உனக்காகத்தான், பெரிய பெட்ரூம்” என்றான். அதில் முதலில் படுத்தவள் கேரி, சுற்றுலா வண்டிகள் தங்கும் கேரவன் பார்க்கில் வேலை பார்த்தவள். இப்போது அவள் ஊரில் இல்லை. ராதே அழுதான். ஸ்டானா மன்னித்தாள். உடம்புதான் மன்னிக்கவில்லை. அவன் கை பட்டதும், பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி, தோல் மரத்துப்போய் யாருடையதோ போலக் கிடந்தது.

“அடுத்தவன் சுரங்கத்துல இறங்கி ஓபல் திருடுறவன் காலை ஒடிக்கணும்னு கத்துவானே உன் புருஷன்,” என்றாள் கடைக்கார மில்கா. “இப்ப அவன் காலை யாருடி ஒடிக்கிறது?”

“ஒடிச்சா சூப்பு வெச்சுக் குடுக்கிறதும் நான்தானே.”

மில்கா சிரித்தாள். ஸ்டானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் ராதே சொல்லியிருந்தான்: “கல்லோட எத்தனை நாள் படுக்கிறது? ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அப்புறம் நான் கெளம்பிருவேன்.”

தொலைபேசியில் பேசிய தாம்பத்ய ஆலோசகர் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். விளக்கை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம், தொடுவது மட்டும். மதிய வெயிலுக்குச் சுரங்கத்திலிருந்து ராதே வந்ததும் செய்தார்கள். முதல் நாள் பிடரி. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சுவரின் சூடு ஒரு பிடரியின் வளைவில் பரவியிருந்தது. அடுத்து முதுகு தொட்டான். சுவரில் முதுகு சூடானது. அவள் அதில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே எதுவோ வேகமாகத் துடித்தது.

“ராதே, இங்க தொட்டுப் பாரு.”

தொட்டான். “ஒண்ணுமில்லையே,” என்றான்.

கையை மட்டும் எடுக்கவில்லை.

அதன்பின் இரண்டு முறை, அவள் அறைக்குள் வந்தபோது, அவன் சுவரில் முகம் சாய்த்து நின்றிருந்தான். மூன்றாம் முறை கண்ணை மூடியிருந்தான்.

சனிக்கிழமை மதியம். விளக்கை அணைத்ததும் ஜன்னலில்லாத அறை கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாத இருட்டானது. கல்தூசி வாசனை, அவன் வியர்வை வாசனை, காற்றுக்குழாயில் மேலேயிருந்து இறங்கும் மெல்லிய ஊளை. அவன் கை அவள் வயிற்றில் ஊர்வது எடையாக மட்டும் தெரிந்தது.

ஒரு பெருமூச்சு கேட்டது.

இரண்டு தரம் தடுக்கி, பிறகு நீளமாக விடும் மூச்சு. கல்யாணமான புதிதில் அவள் விட்ட மூச்சு.

அவள் வாயிலிருந்து வரவில்லை.

அவன் கை நின்றது. மறுபடி ஊர்ந்தது. மறுபடி மூச்சு. சுவரிலிருந்து.

“ஸ்டானா,” என்றான். எத்தனையோ மாதமாக அவள் கேட்காத குரல், குழைந்த குரல். “வந்துட்டியா?”

குரல் அவள் பக்கம் இல்லை.

நான் இங்கேயிருக்கிறேன் என்று சொல்லப் பார்த்தாள். நாக்கு புரளவில்லை. கட்டில் லேசானது. அவன் காலடி. நான்கு எட்டு. பிறகு சுவரை நகத்தால் பிறாண்டும் ஓசை. பாறை உதிர்ந்தது.

சிரிப்பு. அவளுடைய சிரிப்பு.

ஒரு விரலை மட்டும் அசைக்க முடிந்தது. தொடையைத் தொட்டாள். சொரசொரப்பு. குளிர். கல்பொடி உதிர்ந்தது.

காலடி திரும்பி வந்தது. வந்துவிட்டான் என்று நினைத்தாள்.

அவள் மேல் கிடந்த போர்வையை உருவினான்.

“குளிருதாம்மா? இரு, இரு,” என்று சொல்லிக்கொண்டே சுவர்ப்பக்கம் கொண்டுபோனான்.

இருட்டில், போர்வைக்குள், இரண்டு பேர் மூச்சு விட்டார்கள். கட்டிலில் யாரும் விடவில்லை.