தகரம் அடிக்க வந்தவர்கள்

அவன் போனில் பேசும்போது மட்டும்தான் இருமினான். காலையிலிருந்து ஒரு செருமல்கூட இல்லை. சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு இருமல். "எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் தொத்திக்கிச்சுங்க. அவ வெளியே ஓடப் பாக்கறா. நீங்கதான் வந்து ஏதாவது செய்யணும்."

பரிசோதிக்கவே ஆள் போதாத ஊர். தனக்கு நோய் என்று ஒருவன் தானே சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். அவன் கோபத்தைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் அவள் பயப்படுவாள்.

நேற்று அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அண்ணனிடம் ரகசியமாகப் பேசியிருந்தாள். அடி உதையைப் பற்றி வாய் திறக்க வெட்கம். "உங்களை எல்லாம் பாக்கணும்போல இருக்குண்ணா, வந்து கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள். ஊரடங்குப் பாஸ் வாங்கிக்கொண்டு இன்று வருவதாக அண்ணன் சொல்லியிருந்தான். அதை இவனும் கேட்டுவிட்டான். இப்போது அவள் போனும் வீட்டுச் சாவியும் இவன் சட்டைப்பையில்.

மத்தியானம் ஆளரவமற்ற தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. கதவிடுக்கு வழியாகப் பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரிக்க உள்ளே ஏறியது. கனமான எதையோ மாடிப்படிகளில் இழுத்துக்கொண்டு வருகிற சத்தம், பல்லைக் கூசவைத்தபடி, நேராக அவள் வாசலுக்கே வந்தது.

தகரம். நோய் கண்ட வீட்டு வாசலை அடைக்கிற தகரம்.

முதல் ஆணி இறங்கியது. அவள் ஓடிப்போய்க் கதவை அறைந்தாள். "எனக்கு நோய் இல்லை! திறங்க! இவன் என்னைக் கொன்னுடுவான்!"

சுத்தியல் அவள் குரலை விழுங்கியது.

"உள்ளே தட்டறாங்கப்பா" என்றது வெளியே ஒரு குரல்.

"எல்லா வீட்லயும் தட்டத்தான் செய்யறாங்க. நீ அடி."

பிறகு அண்ணன் குரல். வந்துவிட்டான்! கிட்டே போகாதே என்று யாரோ அவனை அதட்டினார்கள். அவன் தூரத்திலிருந்தே கத்தினான்.

"அழாதடா! ரெண்டு வாரம்தானே! மாப்பிள்ளைதான் கூட இருக்காரே! பத்திரமா இரு!"

"அண்ணா!"

சுத்தியல். இன்னொரு ஆணி. இன்னொன்று.

கதவிடுக்கில் மிச்சமிருந்த வெளிச்சக் கோடும் அணைந்தது. வண்டி கிளம்பிப் போனது. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பின்னால், சமையலறை ஜன்னல் சாத்தப்பட்டது. தாழ்ப்பாள். அடுத்து படுக்கையறை ஜன்னல். தாழ்ப்பாள்.

அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு அவன் அவளிடம் வந்துகொண்டிருந்தான்.