ஆறாவது இடம்

காலை ஒன்பது மணிக்கு அந்த ஓட்டலின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இன்றைக்கு ஒரே ஒரு ஆள். தொண்டை தப்பித்தது. பதினாறு வருடமாக இந்த நகரத்தைச் சுற்றிக்காட்டுகிறேன். சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. சரித்திரத்தில் எங்காவது இடித்தால் கைச்சரக்கைச் சேர்த்து ஒப்பேற்றிவிடுவேன். நீ சொன்ன ராணி இருந்ததே இல்லையே என்று இதுவரை யாரும் திரும்பி வந்து சட்டையைப் பிடித்ததில்லை.

வரவேற்பறை சோபாவில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். சாப்பிட்டு இரண்டு நாள் ஆனவர்போல முகம்.

"நீங்கதானே கைடு?"

"ஆமாம்மா. ஒருத்தர் மட்டும்னா நல்லதுதான். நிதானமா பார்க்கலாம்."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் பொண்ணும் தனியாத்தான் வந்தா. அவளுக்கும் நீங்கதான் காட்டினீங்க."

உட்காரப் போன நான் அப்படியே நிமிர்ந்தேன்.

அவர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எங்கள் ஆபீசின் ட்ரிப் ஷீட்டுடைய நகல். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. "இதுல ஆறு இடம் இருக்கு. இதே வரிசையில காட்டுங்க தம்பி. அவகிட்ட என்னென்ன சொன்னீங்களோ அதையே சொல்லுங்க. ஒண்ணும் விட்றாதீங்க. போலீஸ்ல தேடறதை நிறுத்திட்டாங்க. இனிமே நான் யாருகிட்டப் போய் நிக்கிறது? அவ கடைசியா கேட்டது உங்க குரலைத்தான். அதையாவது கேட்டுட்டுப் போறேன்."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் வாடிக்கையாளர்கள் களைத்துப்போய் நேராக அறைக்கு ஓடிவிடுவார்கள். கையெழுத்து இல்லாத ட்ரிப் ஷீட்டை ஆபீசில் வாங்க மாட்டார்கள். அதனால் காலையிலேயே எல்லா இடத்தையும் எழுதி, கடைசி வரியில் 'மாலை 5.30, ஓட்டலில் இறக்கிவிடப்பட்டார்' என்றும் எழுதி, கையோடு கையெழுத்தையும் வாங்கி மடித்து வைத்துக்கொள்வோம். எல்லாக் கைடும் செய்வதுதான்.

அந்தப் பெண் ஓட்டலுக்குத் திரும்பவே இல்லை.

ஆறாவது இடம் பூமிக்கடியில் இருக்கும் பழைய நீர்த்தேக்கம். அன்றைக்கு அவள் கீழே இறங்கித் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேல்படியில் நின்றேன். போன் வந்தது. ஒன்பது பேர் கொண்ட குடும்பம் ரயில் நிலையத்தில் நிற்கிறது, அவர்களுடைய கைடு வரவில்லை, உடனே போ என்றார்கள். நான் மைக்கில், அவள் காதுக் கருவிக்குக் கேட்கும்படி, "அங்கேயே இருங்கம்மா, அரை மணி நேரத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வரும்போது மணி ஏழு. கேட்டில் பூட்டு. டாக்சி பிடித்துப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

நான்கு நாள் கழித்துப் போலீஸ் கேட்டபோது ட்ரிப் ஷீட்டை நீட்டினேன். அவள் கையெழுத்தே அதில் இருந்தது. இரண்டு வருடமும் அவளை ஓட்டலைச் சுற்றியேதான் தேடினார்கள்.

அன்று காலை அந்த அம்மாளுக்கு மைக் செட்டை மாட்டிவிட்டேன். தெருச் சத்தத்தில் கத்த முடியாது என்பதால் நாங்கள் எல்லோரும் வைத்திருப்பதுதான். என் சட்டைக் காலரில் மைக். வாடிக்கையாளர் கழுத்தில் தீப்பெட்டி அளவு ரிசீவர், காதில் ஒரு குமிழ். நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. பெட்டியில் பத்து ரிசீவருக்கு இடம் உண்டு. ஏழாவது குழி காலியாக இருந்தது. அவர் அதையே பார்த்தார். நான் பெட்டியை மூடினேன்.

மணிக்கூண்டு, பழைய நீதிமன்றம், பூச்சந்தை. கைடுகள் பின்பக்கமாக நடப்போம், வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமே. அதனால் அன்று பகல் முழுவதும் நான் பார்த்தது அந்த முகத்தைத்தான். அவர் கட்டடங்களை அண்ணாந்து பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தார். கைப்பிடிச் சுவர்களைத் தடவிப் பார்த்தார்.

"இங்க எங்க நின்னா?"

"அந்த நிழல்லம்மா."

அவர் போய் அந்த நிழலில் நின்றார். "சிரிச்சாளா?"

சிரித்தாள். நான் ராணி கதையை அவிழ்த்துவிட்டபோது, "சார், இந்த ராணியை நீங்களேதானே பெத்தீங்க?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வேலைக்கு நேர்காணல் முடித்துவிட்டு, ரயிலுக்கு ஒரு நாள் இருக்கிறதே என்று ஊர் சுற்ற வந்த பெண். அவள் சிரித்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஐந்தாவது இடத்தில் வைத்து, "அடுத்தது ரிப்பேர்னு மூடிட்டாங்கம்மா, ஓட்டலுக்குப் போயிடலாம்" என்றேன்.

"நேத்தே போன் பண்ணிக் கேட்டுட்டேன் தம்பி. அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும்னாங்க." பிறகு அந்தத் தாளை மறுபடி விரித்தார். "ஒண்ணு கேக்கணும். நாள் பூரா நடந்திருக்கா. சாயங்காலம் ஓய்ஞ்சுபோயிருப்பா. கையெழுத்து மட்டும் எப்படி இவ்வளவு திருத்தமா இருக்கு?"

நான் திரும்பிக்கொண்டு எங்கள் வண்டி டிரைவரிடம் கிளம்பச் சொன்னேன்.

நீர்த்தேக்கத்துக்கு நாங்கள் போனபோது மணி மூன்றரை. வெளியே நல்ல வெயில். எண்பது படி இறங்கினால் வெயில் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். வரிசை வரிசையாகக் கல் தூண்கள். நாலைந்து மஞ்சள் விளக்குகள். ஊறிப்போன சாக்கின் நாற்றம். எங்கோ சொட்டு விழும் சத்தம், நின்று நின்று. வேறு பார்வையாளர் யாரும் இல்லை. வாட்ச்மேன் மட்டும் பின்னால் வந்தார்.

நான் வழக்கமான பல்லவியைத் தொடங்கினேன். "இந்த இடத்தை வெட்டி முடிக்கப் பதினோரு வருஷம் ஆச்சு..."

கீழே யாரோ அதையே சொன்னார்கள்.

நிறுத்தினேன். அதுவும் நின்றது.

"எதிரொலிதான்மா," என்றேன்.

அந்தச் சொல்லும் கீழே கேட்டது. சன்னமாக, கரகரவென்று. எதிரொலி என்றால் பின்னால்தான் வரும். இது என் வாயோடு கூடவே வந்தது. ரிசீவரிலிருந்து வரும் குரல் அப்படித்தான் இருக்கும். பதினாறு வருடமாகக் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா?

அந்த அம்மாள் தன் காதுக் குமிழைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். "இன்னொரு தடவை பேசுங்க."

"வேண்டாம்மா. போயிடலாம்."

வேண்டாம்மா, போயிடலாம் என்றது அந்தக் குரல், கீழே ஓர் இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து.

அவர் கதவை நோக்கி ஓடினார். பெரிய பூட்டு தொங்கியது. வாட்ச்மேன், "அது கீழ் அறைம்மா. தூர் வார்றதுக்காகக் கொஞ்ச நாள் திறந்து வச்சிருந்தாங்க. ஆளுங்க போனதும் பூட்டினதுதான், ரெண்டு வருஷமாச்சு. உள்ளே தண்ணி" என்றார்.

"ரெண்டு வருஷமா?"

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஈரக் கல்லிலேயே உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து, போன், ஒன்பது பேர், ஏழு மணி. நான் சொல்லச் சொல்ல, கதவுக்கு அந்தப் பக்கமும் என் குரல் அதே குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வாட்ச்மேனின் காலைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, திறந்து விடுங்கய்யா. ஒரே ஒரு நிமிஷம். அவளுக்கு இருட்டுன்னா பயம்யா."

வாட்ச்மேன் பதறிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்தார். கதவு திறந்ததும் உள்ளிருந்து வந்த குளிர் எங்கள் கணுக்காலைத் தொட்டது. டார்ச்சை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் இறங்கினார். "பாப்பா! அம்மா வந்திருக்கேன் பாப்பா!"

பதில் இல்லை.

டார்ச் வெளிச்சம் ஒரு தூணைச் சுற்றித் திரும்பியது. அணைந்தது.

"தம்பி!" உள்ளிருந்து அவர் குரல். "வழி தெரியலை. நீங்க பேசுங்க. ஓடிப்போயிடாதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்!"

வாட்ச்மேன் உதவிக்கு ஆள் கூப்பிட மேலே ஓடிவிட்டார். என் கால்களும் படியைப் பார்த்துத் திரும்பிவிட்டன. ஆனால் நான் போகவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும். கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு மைக்கில் பேசினேன்.

"குமிழைக் காதுல மாட்டிக்கோங்க. இடது கைப் பக்கம் சுவர். அதை விடாதீங்க. நேரா என் குரலைப் பார்த்து வாங்க. படி வழுக்கும், மெதுவா. வாங்கம்மா. நான் இங்கதான் இருக்கேன்."

தண்ணீர் சலசலத்தது. தூரத்தில் இருந்த என் குரல் கொஞ்சம் நெருங்கியது.

"வாங்க. வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம்."

இப்போது நன்றாகக் கேட்டது. என் குரல் இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று அந்த அம்மாளின் காதருகே. இன்னொன்று அவருக்குப் பக்கத்தில், அரை அடி தள்ளி.

நான் பேச்சை நிறுத்தினேன். 

அவர் வெளியே வந்தார். இடுப்புவரை நனைந்திருந்தார். தனியாகத்தான் வந்தார். வலது கையைச் சற்று விலக்கி, எதையோ பிடித்திருப்பதுபோல விரல்களை மடக்கியிருந்தார். என்னை ஏறிட்டுப் பார்க்காமல் படியேறினார். காய்ந்த கல்லில் அவருடைய செருப்பின் ஈரத் தடம் பதிந்தது. அதற்குப் பக்கத்திலேயே வெறுங்காலின் தடம் ஒன்றும், படிக்குப் படி.

அன்றைக்கே காவல் நிலையத்தில் உண்மையை எழுதிக்கொடுத்தேன். மறுநாள் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். கடைசித் தூணுக்குப் பின்னால் இருந்த மேடையில் அவள் எலும்பாக இருந்தாள், சாய்ந்து உட்கார்ந்தபடி. கழுத்தில் ஏழாம் எண் ரிசீவர். பேட்டரி எப்போதோ வீங்கி வெடித்துத் துருவாகியிருந்தது என்று போலீஸ் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். இது வேலை செய்திருக்கவே முடியாது என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். நான் வாதாடவில்லை.

வேலை போனது. வழக்கு நடக்கிறது, ஜாமீனில் இருக்கிறேன். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். மகளின் எலும்புகளை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் ரயிலேறி ஒன்பது நாளாகிறது. இந்த ஒன்பது நாளும் நான் கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன். ஒவ்வொரு நாளும் கண் விழித்ததும் என் கட்டிலின் கால்மாட்டில் தரை நனைந்திருக்கிறது. மேலே பார்த்தேன், ஒழுகவில்லை. துணியால் துடைத்துவிடுவேன். மதியத்துக்குள் மறுபடி நனைந்துவிடும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மதியம் அவர் போன் செய்தார்.

"தம்பி, பாப்பா அங்க இருக்காளா?"

நான் போனோடு ஜன்னல் பக்கம் நகர்ந்தேன்.

"ரயில் கிளம்பற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. கிளம்பினதும் விட்டுட்டா. ஒன்பது நாளா வாசக்கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், வரவே இல்லை." குரல் உடைந்தது. "இப்பத்தான் புரியுது. அன்னைக்கு அவ நான் கூப்பிட்டு வரலை தம்பி. கத்தினேனே, அசையலையே. நீங்க வான்னதும்தான் வந்தா. இருந்தா இருக்கான்னு சொல்லிடுங்க. உடனே புறப்பட்டு வந்து கூட்டிக்கிறேன். உங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

கட்டிலைப் பார்த்தேன். கால்மாட்டில் ஈரம், என் பக்கமாக ஒரு சாண் நகர்ந்திருந்தது. வேறு எதுவும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. இருக்கிறாள் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தத் தாய் ஓடி வந்துவிடுவார். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பிறகு இந்த அறையில் அவளோடு நான் எப்படி இருப்பேன்? 

"இல்லம்மா," என்றேன். "இங்க யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அப்புறம் ஏன் தம்பி," என்று மெதுவாகக் கேட்டார், "என் பொண்ணு அங்க அழறா?"