அக்கா வளர்ந்த பெட்டி

காலையில் ஆய்வகக் குடுவையில் ஊற்றிய மீடியா, செல்களுக்கான அந்தச் சிவப்புத் தீனிநீர், மதியத்துக்குள் மஞ்சளாகியிருந்தது.

செல்கள் தின்று கழித்தால்தான் அந்தச் சிவப்பு நீர் மஞ்சளாகும். அதற்கு இரண்டு மூன்று நாளாவது பிடிக்கும். அவள் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கர்ப்பப்பையின் உள்சவ்வில் வந்த புற்றுநோய் அக்காவைக் கொண்டுபோனது. அந்தக் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் இவை. "எடுத்துக்கோடி. எனக்கு ஆகாதது உன் ஆராய்ச்சிக்காவது ஆகட்டும்," என்று ஆபரேஷனுக்கு முன்னால் அக்காவே சிரித்துக்கொண்டு சொன்னாள். அக்கா போய்விட்டாள். இதுகள் போகவில்லை.

"எந்தப் புண்ணியவதியோடதோ, என்னமா தின்னுது!" பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். "எந்த மருந்துக்கும் அசையல. பேசாம பிளீச் ஊத்திக் கொட்டிடுங்க மேடம். மத்த குடுவைக்கும் தொத்திக்கிட்டா நம்ம பொழப்பு நாறிடும்."

"நாளைக்குப் பார்க்கலாம்."

யாருடைய செல்கள் என்று அவரிடம் அவள் சொன்னதே இல்லை. கொட்டவும் மனசு வரவில்லை.

அடுத்த வாரம் வேறு பெண்களின் செல்கள் இருந்த குடுவைகளும் மஞ்சளாயின. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எல்லாவற்றிலும் இருந்தது ஒருத்திதான், அக்கா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆளில்லாத கட்டடத்துக்கு அவள் தனியாக வந்தாள். செல்களை உடல்சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டரைக் காலி செய்து, குடுவை குடுவையாக பிளீச் ஊற்றினாள். மூக்கை எரிக்கும் அந்த நெடியையும் மீறிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு விரிப்பு மாற்றும்போது வருமே, துருவும் ஈரத்துணியும் கலந்த அந்த வாடை, எங்கிருந்தோ கசிந்து வந்து, கழுவக் கழுவ அவள் விரல்களிலேயே தங்கியது.

"மன்னிச்சுக்கோக்கா."

குரல் அவளுக்கே கேட்கவில்லை. கடைசிக் குடுவையும் முடிந்தது.

முதுகுக்குப் பின்னால் ஏதோ சொட்டியது.

இன்குபேட்டர். காலிப் பெட்டி. அவளே காலி செய்தது.

ஒரு கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக் கதவைத் திறந்தாள். வெதுவெதுப்பாக ஒரு மூச்சு முகத்தில் அடித்தது.

தட்டுகளைக் காணோம். மூலைகளைக் காணோம். உள்சுவர் முழுக்க மெத்தென்று, ஈரமாக, இளஞ்சிவப்பாக ஒரு சதைப்படலம். மெல்லச் சுருங்கியது. விரிந்தது. அடியில் தேங்கிய ரத்தம் விளிம்பு தாண்டிச் சொட்டியது.

கதவைச் சாத்தப் போனாள். விளிம்பில் வைத்த கை வரவில்லை.

படலம் மணிக்கட்டுக்கு ஏறியிருந்தது. இழுத்தாள். வலிக்கவில்லை. வெதுவெதுப்பு மட்டும்.

இப்போது முழங்கை.

தன் தோல் எங்கே முடிகிறது என்று குனிந்து தேடினாள். அது சுருங்கியபோது அவள் தோளும் சுருங்கியது.