வந்துட்டேன் என்றாள் சாயோ

சிஹோ அரிசி களையவே இல்லை. இருந்தும் கதவைத் திறந்ததும் சோறு வெந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. கடற்காற்றில் எங்கிருந்தாவது வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டோக்கியோ அலுவலகம் அவளைச் சக்கையாகப் பிழிந்திருந்தது. ஓய்வெடுக்காவிட்டால் படுத்துவிடுவாய் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், அவசரமே தெரியாத இந்தக் கடலோர ஊரில் வீடு வாடகைக்கு எடுத்து வந்தாள். கணவன் விட்டுப்போன பிறகு அவளுக்கு இருப்பது ஐந்து வயது மகள் சாயோ மட்டும்தான்.

சாயோ செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். "வந்துட்டேன்!"

ஜப்பானில் பிறர் வீட்டில் நுழையும்போது 'தொந்தரவுக்கு மன்னிக்கணும்' என்பார்கள். 'வந்துட்டேன்' என்பது சொந்த வீட்டுக்கு. டோக்கியோவில் தினமும் சொல்லிப் பழகிய வாய்; இது இன்றுதான் முதல்முறை நுழையும் வாடகை வீடு என்று குழந்தைக்கு என்ன தெரியும்?

கருவாடு கொடுக்கக் கூடவே வந்த எதிர்வீட்டு இசோபே அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஐயய்யோ, இந்த வீட்ல அதைச் சொல்லலாமா!"

"சின்னப் பிள்ளைதானேம்மா."

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்னு சொல்லச் சொல்லும்மா. சீக்கிரம்!"

வந்ததிலிருந்து இந்த ஊரில் யாரும் 'சீக்கிரம்' என்று சொல்லி சிஹோ கேட்டதில்லை.

அதற்குள் மாடியிலிருந்து ஒரு பெண்குரல், கொஞ்சலாக, நிதானமாக வந்தது.

"வந்துட்டியாடி ராஜாத்தி?"

சாயோ சிரித்துக்கொண்டே படியேறினாள். கருவாட்டுப் பொட்டலம் கீழே விழுந்தது. இசோபே அம்மா திரும்பிப் பார்க்காமல் தெருவைக் கடந்து ஓடினாள்.

சிஹோ பின்னாலேயே ஏறினாள். ஈரப் பாயின் புழுக்க நாற்றமும் பாசி வாடையும் ஒவ்வொரு படிக்கும் கூடிக்கொண்டே வந்தன. மேலே காகிதக் கதவுக்குப் பின்னால் மங்கலான வெளிச்சத்தில் ஒரு பெரிய நிழலும் ஒரு சின்ன நிழலும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, அகப்பை பானையின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"சாயோ! வெளிய வா!"

கதவு நகரவில்லை. குத்தினாள். காகிதம் கிழிந்தது.

உள்ளே யாரும் இல்லை. வெறும் தூசி.

கீழே சிரிப்புச் சத்தம்.

உருண்டு விழாத குறையாக இறங்கினாள். வாசலில் சாயோ மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். சிஹோவின் செருப்பு தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது, கிளம்பும் விருந்தாளிக்கு வைப்பதுபோல. குழந்தை நெற்றி தரையில் படக் குனிந்து வணங்கினாள்.

"இவ்வளவு தூரம் வந்தீங்களே, ரொம்ப சந்தோஷங்க. இருட்டுறதுக்குள்ள பத்திரமா போய்ச் சேருங்க."

"சாயோ... நான்தான்டி, உன் அம்மா."

சாயோ மரியாதையாகப் புன்னகைத்தாள். யாரோ ஒருத்தியைப் பார்த்து.

அவள் முதுகுக்குப் பின்னால், இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. தண்ணீரில் ஊறி வெளுத்த கை. காலையில் சிஹோ பின்னிவிட்டிருந்த சடையை மெல்ல, மெல்ல அவிழ்த்தது. சாயோ கண்ணை மூடி அந்தக் கையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.