ஊறுகாய் ஜாடியில் ஒரு நாற்று

"யாரு... யாரு இந்த ஜன்னலைத் திறந்தது?"

மூன்றாம் மாடிப் படிக்கட்டே அதிர்ந்தது. பெகிமாய் தலைகூட வாராமல் நின்றிருந்தாள். படிக்கட்டு ஜன்னல் மேடையில் பாலித்தீன் போட்டு மூடி வைத்திருந்த அவளுடைய தக்காளி நாற்றுகள் தலை சாய்ந்து கிடந்தன. ஜன்னலின் மேல் பகுதியில் இருந்த சின்னக் கதவு திறந்திருக்க, மார்ச் மாதக் குளிர் சொகுசாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. புதிதாகக் குடிவந்த திலெக். பாதி முகத்தில் சவர நுரை.

"நான்தான் திறந்தேன். ஏன்?"

"ஏனா? பாருங்க... எல்லாம் படுத்துடுச்சு!"

"பாலித்தீனுக்குள்ள ஒரே ஆவிங்க. மூச்சு முட்டுதேன்னு பாவம் பார்த்து, அதை விலக்கிக் கொஞ்சம் காத்து விட்டேன்."

"வெளியில பனி உறைஞ்சு கிடக்கு, காத்து விட்டாராம்! எந்த ஊரு நீங்க?"

"நாரின்."

"அதானே பார்த்தேன்! தக்காளியே முளைக்காத மலையிலேர்ந்து வந்துட்டு நாத்துக்கு வைத்தியமா?"

"வைத்தியம்தாங்க என் தொழில்... ஆட்டுக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு முறைத்தாள். முறைக்கும்போது அந்தக் கண்கள் இன்னும் பெரிதாகின... மழைக்கு முந்தைய வானம்போல் கறுத்து, பளபளத்து. திலெக் நுரையைத் துடைக்கவும் மறந்து நின்றான்.

செத்தவற்றைப் படியோரக் குப்பை வாளியில் போட்டுவிட்டு, மிச்சத்தை அணைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். கதவு 'படார்' என்று சாத்திக்கொண்டது.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. தூர தேசத்து நோவோசிபிர்ஸ்குக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்த அப்பா, வருடா வருடம் தானே விதை எடுத்துக் காப்பாற்றி வந்த ரோஜா நிறத் தக்காளி அது. 'நீ வளர்த்து வைம்மா, ஆகஸ்ட்ல வந்து சாப்பிடறேன்' என்று போனில் சொல்லியிருந்தார். இருந்த விதை முழுவதையும் அவள் விதைத்துவிட்டாள். இவை போனால் அப்பாவின் தக்காளியே போயிற்று.

வீட்டுக்குள் வேறு தொல்லை. குளிருக்கு வீடுகளைச் சூடாக்க நகரமே அனுப்பும் வெந்நீர்க் குழாய் ஜன்னலுக்கு அடியிலேயே அனலாகக் கொதித்தது. நாமாகக் குறைக்கவும் முடியாது. இலை நுனிகள் கருகின. பதறிப்போய்த் தண்ணீர் தெளித்து, பாலித்தீனை இறுக்கி மூடினாள். இப்போது தண்டுகள் மண்ணை ஒட்டிக் கறுத்துச் சாய ஆரம்பித்தன.

"எதிர்வீட்டு டாக்டரைக் கூப்பிடேன்" என்றாள் அம்மா.

"ஆட்டு டாக்டரையா? செத்தாலும் மாட்டேன்!"

மாலையில் பார்த்தால், அம்மா அவனுக்குத் தேநீரும் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் கொடுத்து உட்கார வைத்திருந்தாள்!

"மன்னிச்சிடுங்க. அன்னிக்கு நான் செஞ்சது தப்புதான்" என்றான் திலெக், எடுத்த எடுப்பிலேயே. பிறகு தொட்டியைப் பார்த்தான். "குட்டி போட்ட கொட்டகை மாதிரிதாங்க இதுவும். காத்துல ஈரம் வேணும், ஆனா புழுங்கக் கூடாது. காலையிலயும் சாயங்காலமும் மூடியைக் கொஞ்ச நேரம் எடுங்க. குழாய் மேல ஈரத் துண்டு போடுங்க. மண்ணு மேல காய்ஞ்சா மட்டும் தண்ணி."

"குட்டிக்கும் நாத்துக்கும் வித்தியாசம் கிடையாதா டாக்டர்?"

"இதுக்குக் கொம்பு கிடையாது. வளர்க்கிறவங்களுக்குத்தான் இருக்கு."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பெகிமாய்க்குக் கன்னம் சிவந்துவிட்டது.

அதன்பின் துண்டு காய்ந்ததா என்று பார்க்க அவன் தினமும் வந்தான். துண்டு காய்வதற்குள்ளேயே வந்தான் என்பதுதான் உண்மை. அவன் காலடி கேட்காத மாலைகளில் அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை... இருந்தும் பிழைத்தவை இரண்டே நாற்றுகள். இரண்டும் நூலாட்டம் நின்றன.

வசந்தப் புத்தாண்டான நூரூஸ் திருநாள் காலையில் அவன் ஓர் ஊறுகாய் ஜாடியோடு வந்து நின்றான். உள்ளே ஒரு நாற்று. தடித்த தண்டு, கரும்பச்சை இலை.

"அன்னிக்கு நீங்க வாளியில போட்டதுல இது ஒண்ணுக்கு உசிரு இருந்துச்சு. ஜாடியில வெச்சு, தினமும் மூடியைத் திறந்து திறந்து மூடினேன்... உங்க அப்பாவோடது. வாங்கிக்கோங்க."

அவள் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். கண் நிறைந்தது. உதடு துடித்தது... பல்லைக் கடித்துக்கொண்டு ஜாடியை வாங்கினாள். ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திவிட்டாள்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. படியில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்தான். 'சரிதான், நான் அவனுக்கு அலுத்துவிட்டேன் போல' என்று அவளும் வீம்பாக இருந்தாள். ராத்திரி தலையணை நனைந்தது வேறு விஷயம்.

ஏப்ரலில் ஒரு மழை நாள். அம்மா மூச்சிரைக்க வந்தாள்.

"டாக்டர் தம்பி நாரினுக்கே திரும்பிப் போறாரும்மா. கீழே பையோட காருக்குக் காத்துட்டு நிக்கிறார். 'உங்க பொண்ணுக்கு என்னைப் பிடிக்கல, நாத்துக்கு ஒரு நன்றிகூட வாயில வரல'ன்னு சொல்றார்!"

பெகிமாய் ஒரு கணம் விழித்தாள். அடுத்த கணம் படிகளில் பறந்தாள்.

மழையில் நனைந்துகொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஆட்டு டாக்டரே! நாத்து கொடுத்தவங்களுக்கு நன்றி சொல்லக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"என்னது?"

"சொன்னா வேர் பிடிக்காது! ஊருக்கே தெரியும்!"

"எங்க ஊர்ல தக்காளியே கிடையாதே..." அவன் குரல் இறங்கியது. "நான்... நீங்க என்னை வெறுக்கறீங்கன்னு நினைச்சேன்."

"வெறுப்பா? அது வேர் பிடிக்கணுமேன்னு பல்லைக் கடிச்சுட்டு நின்னேன்! அப்பாவுக்காக மட்டும் இல்ல... நீங்க கொடுத்ததாச்சே!"

கார் வந்து ஹாரன் அடித்தது. திலெக் திரும்பிப் பார்க்கவில்லை.

"பெகிமாய்... எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. படியில நீ கத்தினியே, அன்னிலேர்ந்து. இதுக்கும் பேசாம கதவைச் சாத்திடாதே."

அவள் இமைகளில் மழைத்துளி நின்றது.

"இங்க எங்க கதவு இருக்கு, சாத்தறதுக்கு? எனக்கும் பிடிச்சிருக்கு... போதுமா?"

"ஊர்ல குட்டி போடற காலம். போய்த்தான் ஆகணும். திரும்பவே வேணாம்னு நினைச்சிருந்தேன். ஆனா மே மாசம் நாத்து நடறதுக்கு வந்துடுவேன். அப்புறம் இங்கேயேதான்."

"வரலைன்னா கொம்பால முட்டுவேன்."

அவன் சிரித்தான். அவள் கையைப் பற்றிக்கொண்டு, நெஞ்சு நிறைந்து, "ரொம்ப ந..." என்று ஆரம்பித்தான்.

சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதீங்க! இது வேர் பிடிக்க வேணாமா?"